உருண்டைப் பிடி

மீன் வெட்டும் கூடத்தில் யாரும் யாருக்கும் கத்தி கொடுப்பதில்லை. பல் துலக்கும் பிரஷ்ஷைக் கேட்டால் எப்படி முகம் சுளிப்பார்களோ, அப்படித்தான் சுளிப்பார்கள். அலகை மட்டும் நிர்வாகம் கொடுக்கும். பிடியை அவரவர் கைக்குத் தோதாக அவரவரே போட்டுக்கொள்ள வேண்டும். சிலருக்கு அலகு வளைந்து கொடுக்க வேண்டும். தீட்டித் தீட்டி இலை மாதிரி ஆக்கிவிடுவார்கள். சிலருக்கு முதுகு தடித்த அலகுதான் சரி. எலும்பில் மோதினால் எலும்புதான் வழிவிட வேண்டும் என்பது அவர்கள் கட்சி. இதைப் பற்றி மதியச் சாப்பாட்டின்போது பேச ஆரம்பித்தால் குடும்பச் சண்டை தோற்றுவிடும்.

ஊசி என்று எல்லாரும் கூப்பிடும் பெண்ணுக்கு அந்தப் பெயர் கத்தியால்தான் வந்தது. அவள் அலகு குட்டை, ஒடுக்கம், விறைப்பு. பிடியோ அதைவிட விசித்திரம். மற்றவர்களுடையதெல்லாம் தட்டையாக, முன்பக்கம் விரல் அலகின்மேல் வழுக்கிப் போய்விடாதபடி ஒரு மேடு வைத்து இருக்கும். தடுப்பு என்பார்கள். அவளுடையது ஒல்லியாக, பென்சில் போல உருண்டை. தடுப்பே கிடையாது. கல்யாணமான புதிதில், மரப்பட்டறையில் வேலை செய்யும் அவள் கணவன் அவள் கையைப் பிடித்துப் பார்த்துப் பார்த்துக் கடைந்து கொடுத்தது. அப்போதே அவன் தடுப்பு வைக்கட்டுமா என்று கேட்டான். அவள் வேண்டாம் என்றுவிட்டாள்.

காரணம் இருந்தது. மீனின் வயிற்றைக் கிழிக்கும்போது கத்தியின் வாய், அதாவது கூர்ப்பக்கம், மேலே பார்க்க வேண்டும். கிழித்து முடித்துத் தலையை எடுக்கும்போது வாய் கீழே வர வேண்டும். மற்றவர்கள் அதற்குக் கத்தியை மாற்றிப் பிடிப்பார்கள். இவள் பிடியை விரலிடுக்கில் ஒரு உருட்டு உருட்டுவாள். வாய் கீழே போய்விடும், ஆள்காட்டி விரல் முன்னே ஓடி அலகின் முதுகில் உட்கார்ந்துவிடும், தலை தனியாக விழும். கூடத்திலேயே சிறந்த கை என்று அவளைச் சொல்ல முடியாது. துண்டுகளில் அங்கங்கே சதை வீணாகும். வேகமான கை. அதை மட்டும் யாரும் மறுத்ததில்லை.

அடுத்த மேசையில் அவள் நாத்தனார், கணவனின் தங்கை. அவள் கத்திக்குச் சைக்கிள் டியூப் சுற்றிய பருத்த பிடி, கட்டைவிரல் பருமனுக்குத் தடுப்பு.

“இது கத்தியாடி, இல்ல நடைவண்டியா?” என்பாள் ஊசி.

“சிரிங்க அண்ணி, சிரிங்க. என் விரல் பத்தும் எனக்கு வேணும். எங்கண்ணன் கையால அடி வாங்காத ஆளு நீங்க, இந்தக் கத்தி கையால வாங்கப் போறீங்க.”

“என் விரலுக்குக் கண்ணு இருக்கு. உன்னுதுக்குத்தான் வேலி வேணும்.”

இப்படியே பல வருஷம் ஓடியது. விரலுக்குக் கண் இருக்கிறது என்பதை அவள் வேடிக்கையாகத்தான் சொன்னாள், ஆனால் நம்பவும் செய்தாள்.

முதலில் ரவிக்கைக் கொக்கி விரலுக்கு அகப்படாமல் போனது. அதற்கு ஐஸ் தண்ணீரைக் குறை சொன்னாள். பிறகு காலையில் டம்ளர் கையிலிருந்து தானாக இறங்கிப் போயிற்று. வலது கையில் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் யாரோ கடன் கொடுத்த விரல்கள் மாதிரி இருந்தன. அடுப்பருகே நிற்கும்போது சூடு தெரியவில்லை. தோல் கருகும் வாசனைதான் தெரிந்தது. அன்றைக்கு அவள் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

அவள் பயந்தது கைக்காக அல்ல. மேஸ்திரிக்கு.

மேஸ்திரி நல்ல மனிதர் என்றோ கெட்ட மனிதர் என்றோ அங்கே யாருக்கும் அபிப்பிராயம் இல்லை. தினமும் வேலை தொடங்குமுன் மேசை மேசையாக நடந்து வருவார். முகத்தைப் பார்க்க மாட்டார், பிடியைப் பார்ப்பார். பிடியில் புதுத் துணி சுற்றியிருந்தால், பிடி திடீரென்று பருத்திருந்தால், ‘கை எப்படி இருக்கு?’ என்று கேட்பார். மரியாதையாகத்தான் கேட்பார். அடுத்த வாரம் அந்த ஆள் ஐஸ் அறைக்குப் போயிருப்பார். அங்கே பாளம் பாளமாக வரும் ஐஸை உடைத்து, மண்வாரியால் அள்ளித் தொட்டிகளில் போட வேண்டும். பாதி மரத்த கையோடு உள்ளே போனவர்களுக்கு மீதிப் பாதியும் அங்கே மரத்துவிடும். அங்கிருந்து மேசைக்குத் திரும்பி வந்தவர் ஒருவரும் இல்லை.

ஆகவே பிடியை மாற்றக் கூடாது. வெட்டுப்பட்டுக் கட்டுப்போட்டால் பரவாயில்லை. காயம் ஆறியதும் மேசை அப்படியே இருக்கும். மரத்துப்போன கைக்குத்தான் மேசை கிடையாது. ஊசி விரல்களைக் கண்ணால் பார்த்துப் பார்த்து வெட்டத் தொடங்கினாள். வேகம் குறைந்தது. யாராவது கேட்டால் மீன் சிறுசு என்றாள்.

கணவனிடம் சொல்லவில்லை. ஆனால் அவன் ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தபோது அவள் தட்டருகே ஒரு பிடியை வைத்தான். தட்டையானது. முன்னால் அளவான மேடு. கை படுமிடத்தில் உப்புத்தாள் போட்டு நன்றாகத் தேய்த்திருந்தான்.

“இது யாருக்கு?”

“கண்ணை மூடிக்கிட்டுப் பிடிச்சாக்கூட வாய் எந்தப் பக்கம்னு தெரியும்.”

“நான் கேட்டேனா?”

“நீ கேட்க மாட்டே. டம்ளர் கேட்டுச்சு.”

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. “அதை மாட்டிக்கிட்டுப் போனா அந்தாளு என்ன கேப்பாருன்னு தெரியுமில்ல? ஊர் முழுக்க நடைவண்டின்னு சிரிச்சவ, இப்ப நானே தள்ளிக்கிட்டுப் போகணுமா?”

“சிரிக்கிறதுக்கு பயந்தா விரல் போகும்டி.”

“போறது என் விரல்தானே.”

அவன் பிடியை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டான்.

தனக்குப் பிடித்தது என்று ஒருத்தர் எதைச் சொல்கிறாரோ, அதில் பெரும்பகுதி அவர் உடம்பு அப்போதைக்கு அனுமதித்து வைத்திருப்பதுதான். உடம்பு அனுமதியைத் திரும்பப் பெற்ற பிறகும் வாய் பழைய பேச்சையே பேசும். ஊசி உருண்டைப் பிடியை விட்டுக்கொடுக்காததில் வீரம் ஒன்றும் இல்லை. பயமும் வீம்பும் இருந்தன. எது எவ்வளவு என்று அவளுக்கே தெரியாது.

அது நடந்த அன்று தொட்டி நிறையப் பெரிய மீன். முற்பகல். ஊசி ஒரு வயிற்றைக் கிழித்து முடித்தாள். பின்னால் புதுத் தொட்டியை இழுத்து வந்தவர்கள் “வழி, வழி” என்று சத்தம் போட, ஒரு கணம் திரும்பிப் பார்த்தாள். கை வழக்கப்படி பிடியை உருட்டியது. உருட்டியதாக அவள் நினைத்தாள். கத்தி உருளவே இல்லை. வாய் மேலே பார்த்தபடியே இருந்தது. ஆள்காட்டி விரல் முன்னே போய், முதுகு என்று நினைத்து வாயின்மேல் உட்கார்ந்து, தலையை எடுக்கிற அழுத்தம் அழுத்தியது. தலை விழவில்லை. மீன் கடினம் என்று நினைத்து இன்னும் அழுத்தினாள்.

“அண்ணி! கை! ஐயோ, கையை எடுங்க!”

குனிந்து பார்த்தாள். மேசை முழுக்க மீன் ரத்தம் இருந்ததால் எது தன்னுடையது என்று உடனே புரியவில்லை. விரலுக்குள்ளே வெள்ளையாக ஏதோ தெரிந்தது.

மேஸ்திரி கூடத்தின் மறுகோடியிலிருந்து வந்துகொண்டிருந்தார். நாத்தனார் தன் தலைத்துணியை அவிழ்த்துக் கையை இறுக்கச் சுற்றினாள். சுற்றிக்கொண்டே காதருகே வந்தாள்.

“கத்துங்க.”

“என்னடி?”

“கத்துங்க அண்ணி! இவ்வளவு வெட்டுப்பட்டுக் கல்லு மாதிரி நின்னா அந்தாளுக்குப் புரிஞ்சிடும். வழுக்கிடுச்சுன்னு அழுங்க. கெஞ்சிக் கேக்குறேன், கத்துங்க!”

ஊசி வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. பிரசவத்தில்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தவள். பொய்க்குக் கத்த எங்கிருந்து வரும்? மேஸ்திரி வந்து நின்றார். துணி சுற்றிய கையை அடியிலிருந்து தாங்கிக்கொண்டார்.

“வழுக்கிடுச்சுங்க,” என்றாள் நாத்தனார். “துடிக்கிறாங்க பாவம்.”

மேஸ்திரி ஊசியின் முகத்தை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தார் போலிருந்தது. “இறுக்கிக் கட்டணும்மா. கொஞ்சம் அழுத்துவேன்” என்று இன்னொரு கையைத் துணிக்கு மேலே கொண்டுவந்தார். துணிக்குள் விரல்கள் எங்கே, அவர் கை எங்கே என்று அவளுக்குத் தெரியவில்லை. இதுதான் நேரம் என்று தோன்றியது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, இருந்த பலத்தையெல்லாம் கூட்டி, “ஐயோ! அம்மா!” என்று கத்தினாள். கூடமே கத்தியைக் கீழே வைத்தது.

கண்ணைத் திறந்தபோது மேஸ்திரியின் கை துணிக்கு மேலே, காற்றில் நின்றிருந்தது.

“நான் இன்னும் அழுத்தலம்மா,” என்றார் அவர் மெல்ல.

நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டாள். அழுதது அவள்தான்.

விரல் பிழைத்தது, மடங்காத குச்சியாக. கட்டுப் பிரித்த பிறகு ஊசியை ஐஸ் அறைக்கு அனுப்பினார்கள். கனத்த கதவுக்குப் பின்னால் மூச்சு புகையாகப் போகும் இடம். சுவரோரம் மண்வாரிகள் வரிசையாகச் சாய்ந்திருந்தன. எல்லாம் ஒரே நீளம், ஒரே காம்பு. அவள் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள், இடது கைக்கு மாற்றிப் பார்த்தாள், மறுபடி வைத்தாள்.

“என்ன தேடுறே?” என்றாள் உள்ளே அள்ளிக்கொண்டிருந்தவள், திரும்பாமலே.

“இதுல எது யாரோடது?”

“யாரோடதும் இல்ல. எதையாவது எடு. கதவைச் சாத்து, குளிர் போகுது.”

ஊசி கைக்கு எட்டியதை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள்.