அம்புஜத்தின் புத்தகம், கீதாவின் வாசற்படி

ஆக்டோபஸ் படம் போட்ட அந்தப் புத்தகத்தை வாங்கியவர் அம்புஜம். கொடிசியா புத்தகக் கண்காட்சியில், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இடிபட்டு வாங்கியது. அதே புத்தகத்தை அவருடைய மகள் நவ்யா மேல்வீட்டு கீதாவின் வாசற்படியில் கால்நீட்டி உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். துணி காயப்போட மொட்டைமாடிக்குப் போன அம்புஜம் வாளியோடு அப்படியே நின்றுவிட்டார். அம்மா நிற்பதுகூட நவ்யாவுக்குத் தெரியவில்லை.

"நம்ம ஊட்டுப் புக்கை எடுத்துட்டுப் போயி அவ ஊட்டுல உக்காந்து படிக்கறாளுங்க," என்று சாயங்காலம் கணவர் திருமலைசாமியிடம் பொரிந்தார்.

"எங்க உக்காந்தா என்ன? படிக்கறாளல்ல?"

"உங்களுக்கு எல்லாமே ஒண்ணுதானுங்க."

அம்புஜத்துக்கு ஒன்றல்ல. சூலூரில் அவர் பிறந்த வீட்டில் பாடப்புத்தகம் தவிர வேறு புத்தகம் இருந்ததில்லை. கல்யாணமாகி சிங்காநல்லூர் வந்து, கணவரின் லேத் பட்டறைக்குக் கணக்கு எழுதினார். மகள் எந்நேரமும் செல்போனைத் தேய்ப்பதைப் பார்த்த பிறகுதான் அந்த ஆசை வந்தது. நவ்யா மட்டுமல்ல, இந்தத் தெருப் பிள்ளைகள் எல்லோரும் தன் வீட்டில் உட்கார்ந்து படிக்க வேண்டும். வாங்கிய புத்தகங்களை அடுக்க திருமலைசாமி பட்டறையிலேயே இரும்பு அலமாரி செய்து கொடுத்தார். ஹாலில் பாய் விரித்தாயிற்று. முதல் வாரம் செருப்பு வைக்க வாசலில் இடமில்லை.

பிறகு செருப்புகள் மெல்ல மாடிப்படிக்கு ஏறின.

கீதா தாராபுரத்துப் பெண். பீளமேட்டில் ஐடி கம்பெனி வேலை, பாதி நாள் வீட்டிலிருந்தே பார்ப்பார். மேல்வீட்டுக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. வீட்டில் ஒரு கதைப்புத்தகம் கிடையாது. அப்படி என்னதான் வைத்திருக்கிறாள்?

அம்புஜம் தனக்குத் தெரிந்த வழியில் போட்டிக்கு இறங்கினார். திங்கட்கிழமை கச்சாயம் சுட்டார். புதன்கிழமை தேங்காய்ப்பாலோடு சந்தகை. வெள்ளிக்கிழமை ஒப்புட்டு. பிள்ளைகள் திரண்டு வந்தார்கள். சாப்பிட்டார்கள். கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு ஆளுக்கொரு புத்தகத்தை எடுத்தார்கள். "தேங்க்ஸுங்க அத்தை" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு மாடியேறினார்கள்.

 மீதமிருந்த ஒப்புட்டைத் தட்டில் அடுக்கிக்கொண்டு, கீதாவுக்குக் கொடுப்பதுபோல் அம்புஜம் மேலே போனார்.

கதவு திறந்திருந்தது. பிள்ளைகளில் லோகப்பிரியா சுவரில் சாய்ந்திருந்தாள். யஷ்வந்த் குப்புறப் படுத்திருந்தான். நவ்யா ஜன்னலோரம். யாரும் நிமிரவில்லை. கீதா காதில் ஹெட்போனோடு லேப்டாப்பில் மூழ்கியிருந்தார்.

"கண்ணுகளா, சூடா இருக்குது, ஆளுக்கொண்ணு..."

"அம்மா, இரும்மா! அந்தக் குள்ளன் கெணத்துக்குள்ள எறங்கறான்," என்றாள் நவ்யா, தலையைத் தூக்காமலே.

கீதா ஹெட்போனைக் கழற்றிவிட்டு எழுந்து வந்தார். "வாங்கக்கா. மீட்டிங்குல இருந்தேன், பாக்கலீங்க."

"என்ன அம்மணி சொக்குப்பொடி போடற? எல்லாம் இங்கயே கெடக்குதுக."

"நான் ஒண்ணுமே பண்ணலீங்கக்கா. சத்தம் போட்டா வெரட்டிப்போடுவேன்னு சொன்னேன். அவ்வளவுதானுங்க."

"தண்ணியாவது குடுக்கறியா?"

"கேட்டாக் குடுப்பேன். கேக்கறதில்லீங்களே."

"கேக்காமக் குடுக்கறதுதான அம்மணி மொறை?"

கீதா சிரித்தார். பதில் அன்றிரவு சாப்பிடும்போது நவ்யாவிடமிருந்து வந்தது.

"நம்ம ஊட்டுல படிக்கவே முடியறதில்லம்மா. குள்ளன் கெணத்துல எறங்கறப்ப நீ தட்டைக் கொண்டுட்டு வந்து 'இன்னொண்ணு எடுத்துக்கோ கண்ணு'ங்கற. வேண்டாம்னா ஒடம்புக்கு என்னங்கற. எடுத்துக்கிட்டா, கதை எப்படி இருக்குதுங்கற. அதுக்குள்ள எந்த வரின்னே மறந்துருது."

திருமலைசாமி தட்டைப் பார்த்துக்கொண்டே சிரித்தார். அம்புஜம் எழுந்து போனார். வீட்டுக்கு வந்தவர்களைக் கவனிப்பது ஒரு தப்பா? அதைவிடப் பெரிய எரிச்சல் வேறு. எதையும் செய்யாமலே ஒருத்தி ஜெயித்திருக்கிறாள்.

அடுத்த சனிக்கிழமை கீதா ஊர்த் திருவிழாவான நோம்பிக்குத் தாராபுரம் போனார். மேல்வீடு பூட்டியிருந்தது. படியேறிய பிள்ளைகள் இறங்கிவந்து அம்புஜத்தின் வாசலில் தயங்கினார்கள்.

"வாங்க," என்றார் அம்புஜம். அதோடு நிறுத்திக்கொண்டார்.

சமையலறையில் கச்சாயம் பாத்திரம் நிறைய இருந்தது. மூடியைப் போட்டார். எடுத்தார். மறுபடி போட்டார். ஹாலில் ஒரு சத்தமில்லை. யாராவது பசி என்று சொல்ல மாட்டார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். பக்கம் புரளும் சத்தம் மட்டும் கேட்டது. பொறுக்க முடியாமல் தட்டோடு சமையலறை வாசல் திரை வரை வந்தார்.

நவ்யா பாயில் மல்லாந்து படுத்து, ஆக்டோபஸ் புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்திருந்தாள். அம்புஜத்தின் வீட்டில், அம்புஜத்தின் புத்தகத்தை.

வாயைத் திறந்த அம்புஜம் அப்படியே மூடிக்கொண்டார். திரும்பிப் போய், நின்றபடியே ஒரு கச்சாயத்தைத் தானே தின்றார்.

வெகுநேரம் கழித்து லோகப்பிரியா தண்ணீர் கேட்டு வந்தாள். குடித்துவிட்டு, "அத்தை, கீதாக்கா எப்ப வருவாங்க?" என்றாள்.

"நோம்பி முடியோணுமல்ல கண்ணு," என்றார் அம்புஜம், சொம்பை வாங்கிக்கொண்டே. "மெதுவா வரட்டும்."