எந்தத் தோட்டா மெல்ல உதைக்கும்?

போன வாரம் எங்கள் தெருவில் நான் பொண்டாட்டியை அடிக்கிறவன் ஆகிவிட்டேன்.

பேச்சி குழாயடியில் குடத்தைத் தூக்கியிருக்கிறாள். முந்தானை விலக, வலது தோளில் ரவிக்கை ஓரத்தில் கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப்போன காயம். எதிர்வீட்டு அக்கா நேராக என்னிடம் வந்துவிட்டார்.

"ஏ தம்பி, ஒன்னய வாயில்லாப் பூச்சின்னுல்லா நெனச்சிருந்தேன். இப்படியா போட்டு அடிப்ப?"

"நான் இல்லக்கா... துப்பாக்கி..."

அவ்வளவுதான் எனக்கு வாயில் வந்தது. அக்கா பின்வாங்கினார். "துப்பாக்கியாலயா அடிச்ச?"

கூச்சக்காரன் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் ஊர் அதை வேறு மாதிரி முடித்துவிடும். உங்களிடமாவது முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

கடையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் எங்களுக்குக் கொஞ்சம் கடலை போடும் நிலம் உண்டு. மலையிலிருந்து மிளா இறங்கும். மிளா தெரியும்தானே — மாட்டு உயரத்துக்கு நிற்கிற பெரிய மான். அதைச் சுடக் கூடாது; சுட மனசும் வராது. வானத்தைப் பார்த்து ஒரு வெடி போதும், காட்டுக்குத் திரும்பிவிடும். அதற்காகத்தான் அப்பா காலத்திலிருந்து லைசென்ஸோடு ஒரு ஒற்றைக்குழல் துப்பாக்கி.

போன வருடம் பைக்கிலிருந்து விழுந்து என் தோள்பட்டை எலும்பு முறிந்தது. பிளேட் வைத்த டாக்டர், "இனிமே தோள்ல துப்பாக்கி வைக்காதீங்க. ஒரு உதை வாங்குனா பிளேட் அசைஞ்சிரும்" என்றார். அந்தப் போகம் முழுக்க நான் கையைக் கழுத்தோடு தொட்டில் கட்டிக்கொண்டு கிடந்தேன். மிளாக்கூட்டம் வயலில் வெறும் தண்டை விட்டுவிட்டுப் போனது.

லைசென்ஸைத் தன் பெயருக்கு மாற்றலாம் என்று பேச்சிதான் சொன்னாள். மாற்றலாம். ஆனால் சுடத் தெரியும் என்று பயிற்சி சர்டிபிகேட் வேண்டும். அது இல்லையென்றால், சுட முடியாத என் பெயரிலும் புதுப்பிக்க மாட்டார்கள், துப்பாக்கியை ஒப்படைத்துவிட வேண்டும். துப்பாக்கி போனால்? இந்தப் போகமும் போச்சு.

தென்காசிக்கு வெளியே பயிற்சி கொடுக்கிற அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். முதல் நாள் பேச்சி துப்பாக்கியைப் பிடித்த விதம் இருக்கிறதே... கொதிக்கிற குழம்புச் சட்டியை ஏந்துவதுபோல உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்தாள். கண்ணை இறுக்கி மூடினாள். டமார்! துப்பாக்கியின் அடிக்கட்டை பின்னால் பாய்ந்து தோளில் இடித்தது. அதுதான் எதிர்வீட்டு அக்கா பார்த்த கத்தரிக்காய்.

"எம்மா, கண்ண மூடிச் சுட்டா நான் எப்படிக் கையெழுத்துப் போட?" என்றார் அண்ணாச்சி. "சனிக்கிழம வாங்க. அன்னைக்கும் இப்படித்தான்னா துப்பாக்கிய மறந்துருங்க."

அன்று சாயங்காலம் என் அக்கா மகன் வீடியோ காலில் வந்தான். அமெரிக்காவில் வேலை. ஆபீஸ் நண்பர்களோடு மான் வேட்டைக்குப் போவானாம் — அங்கே அதற்கு லைசென்ஸ் கொடுக்கிறார்களாம்! இங்கே மானை முறைத்துப் பார்த்தாலே வனத்துறை வந்து நிற்கும்.

"மாமா, அத்தைக்கு உதை கம்மியான தோட்டாவாப் பாருங்க" என்று ஆரம்பித்தான். டூ ஃபார்ட்டி த்ரீ என்று ஒன்று உண்டாம். மான் தோட்டாக்களிலேயே சாது. புதிதாகச் சுடுகிறவர்களுக்கு அதைத்தான் கொடுப்பார்களாம். சிக்ஸ் பாயிண்ட் ஃபைவ் அதைவிடக் கொஞ்சம் தள்ளும். செவன் எம்.எம். நாட் எயிட் அதற்கும் ஒரு பொட்டு மேலே. த்ரீ நாட் எயிட்டுக்கு வந்தால், ஏதோ இடித்தது என்று தோளுக்கே தெரியும். ஒரே தோட்டாதான் என்றாலும் கனத்த துப்பாக்கியில் உதை குறையும். லேசான துப்பாக்கியில் கூடும்.

எனக்குத் தலை சுற்றியது. பேச்சி மடியில் முறத்தோடு பீடி சுற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். குற்றாலத்தில் பிறந்தவள் அவள்.

"எய்யா மருமவனே, எனக்கு இந்த நம்பரெல்லாம் வெளங்கல. மொதல்ல சொன்னது சிற்றருவி. அப்படித்தான?"

அவன் சிரித்துவிட்டான். "ஆமாத்தை. ரெண்டாவது புலியருவி. மூணாவது பழைய குத்தாலம்னு வச்சுக்கோங்க."

"அப்பம் கடைசி, அஞ்சருவியாக்கும். நம்ம வீட்டுத் துப்பாக்கி?"

கொஞ்சம் யோசித்தான். "பன்னெண்டு போர்... பெரிய தோட்டா. லேசான ஒத்தக்குழல் வேற. அது மெயின் அருவி, அத்தை. அதுவும் சீசன் தண்ணி."

இருப்பது அந்த ஒரு துப்பாக்கிதானே, அவன் சொன்ன தோட்டா எதுவும் அதில் சேராதே, சாதுவானதுக்கு எங்கே போக? பேச்சி முகமோ தெளிந்துவிட்டது.

"இத மொதல்லயே சொல்லியிருந்தா என் தோளு தப்பிச்சிருக்கும்லா!"

"என்ன சொல்லுத?" என்றேன்.

"வெளியூர்க்காரங்க குளிக்கதப் பாத்திருக்கியளா? பயந்துக்கிட்டுத் தள்ளி நின்னு தோள மட்டும் காட்டுவாக. தண்ணி சாட்டையடி கணக்கா விழும். நாங்க விறுவிறுன்னு உள்ள போயிப் பாறையோட ஒட்டி நிப்போம். தள்ளும்... அடிக்காது. நான் துப்பாக்கியத் தள்ளிப் பிடிச்சேம் பாருங்க, அதாம் ஓங்கி அடிச்சிருக்கு."

சனிக்கிழமை வந்தது. பேச்சி ஒரு காலை முன்னால் வைத்தாள். உடம்பை முன்பக்கம் சாய்த்தாள். கன்றிப்போன அதே இடத்தில் கட்டையை இழுத்து அணைத்துக்கொண்டாள். பார்த்த எனக்குப் பல் கூசியது.

டமார்!

மேலுடம்பு லேசாகப் பின்னால் போய்த் திரும்பியது. கால் அசையவில்லை. கண் திறந்தே இருந்தது. எதிரே பலகையில் ஓட்டைகள்.

"வலிச்சுதாம்மா?" என்றார் அண்ணாச்சி.

"தள்ளுச்சு அண்ணாச்சி. அடிக்கல."

அவர் இன்னும் சில முறை சுடச் சொல்லிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அவருக்கு என் நன்றி. அமெரிக்காவில் இருந்துகொண்டு அத்தைக்கு அருவிக் கணக்குச் சொன்ன மருமகனுக்கும் நன்றி.

வர வேண்டிய உதை எப்படியும் வந்தே தீரும். இடைவெளி விட்டு நிற்கிறவனுக்குத்தான் அது அடியாகிறது. நான்? கல்யாண வீட்டில் கடைசிப் பந்தி, கூட்டத்தில் கடைசி வரிசை என்று ஆயுசு பூராவும் இடைவெளி விட்டே நின்றவன்.

திரும்பும் வழியில் டீக்கடையில் நின்றோம். பேச்சி டம்ளரை இடது கையால் வாங்கினாள். வலது கையைத் தூக்க முடியவில்லை.

"அடிக்கலன்னுல்லா சொன்ன?"

"அண்ணாச்சிகிட்ட வேற என்னத்தச் சொல்ல? கையெழுத்து வேணும்லா" என்று சொல்லிவிட்டு டீயை ஊதினாள்.

அது என் தோளுக்கு வந்திருக்க வேண்டிய உதை. அங்கேயே அவளுக்கும் ஒரு நன்றி சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கூச்சம். அதனால்தான் பத்திரிகையில், இத்தனை பேர் முன்னால் எழுதுகிறேன்...

பேச்சி இந்தப் பக்கத்தைப் படிப்பாள்.