பாரஃபின் என்று வந்த ட்ரம்

1. சாம்பிள் வந்த அன்று

துறைமுகக் கோடவுனில் வேலை பார்க்கும் பிலோமினா இரண்டு கைகளையும் என் மேசை மேல் வைத்தாள். விரல் இடுக்கெல்லாம் சிவந்து, கொப்புளம் உடைந்து நீர் வடிந்தது.

“எம்மா, கோடவுன்ல ட்ரம் ஒழுகுது. நாங்க எட்டுப் பேரு துணி வச்சுத் தொடைக்கோம். வெறும் பாரஃபின்தான்னு சூப்பர்வைசர் சொல்லுதாரு. பாரஃபின்னா கை இப்படியா ஆவும்?”

தூத்துக்குடி துறைமுகத்துச் சரக்குகளைப் பரிசோதிக்கும் தனியார் லேப் ஒன்றில் நான் அப்போது சீனியர் கெமிஸ்ட். அந்த ட்ரம்மின் சாம்பிள் அன்று காலைதான் வந்திருந்தது. கூட வந்த பேப்பரில் ‘லிக்விட் பாரஃபின், அபாயமற்றது’ என்று இருந்தது. அவளை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிவிட்டு, சாம்பிளில் புரோமின் தண்ணீரை விட்டுக் குலுக்கினேன். நிறம் உடனே போய்விட்டது. பாரஃபினில் அப்படிப் போகாது. உள்ளே இருப்பது இரட்டைப் பிணைப்புள்ள ஏதோ ஒன்று. பேப்பர் பொய்.

லேப் மேனேஜரிடம் போய் அதைச் சொன்னேன். ஆரஞ்சுத் தோல் வாசனை அடிக்கிறது என்றும் சொன்னேன்.

“சென்ட் கலந்திருப்பாங்க மேடம். பழைய பார்ட்டி. பேப்பர்ல இருக்கதையே அடிச்சு விடுங்க.”

“அது என்னன்னு கண்டுபிடிக்காம கையெழுத்துப் போட மாட்டேன் சார்.”

பெரிய பதில் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

2. இரண்டு நாள்

கலவையைப் பிரித்துக் காட்டும் ஜி.சி. மெஷின் ரிப்பேரில் கிடந்தது. பழைய முறையில்தான் போக வேண்டும். வடித்துப் பார்த்ததில் நூற்று எழுபத்தாறு டிகிரியில் கொதித்தது. வடித்ததில் ஆக்சிஜன் உள்ள பொருளுக்கான டெஸ்ட் எதுவும் ஒன்றும் காட்டவில்லை. வெறும் ஹைட்ரோகார்பன். போலாரிமீட்டரில் வைத்தேன், ஒளியை நன்றாக வலப்பக்கம் திருப்பியது. அப்படியென்றால் கைரல், இடக்கை வலக்கை போல இரண்டு வடிவம் உள்ள மூலக்கூறு. கச்சா எண்ணெயிலிருந்து பிரித்தெடுத்த சரக்கு இப்படித் திருப்பாது. ஏதோ மரத்திலிருந்தோ பழத்திலிருந்தோ வந்தது.

டர்பன்டைனில் இருக்கும் பைனீனா, ஆரஞ்சுத் தோலில் இருக்கும் லிமோனீனா? கொதிநிலை லிமோனீன் பக்கம்தான் இருந்தது. ஆனாலும் யாரும் மறுக்க முடியாத நிரூபணம் வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. வினையூக்கியாகப் பல்லேடியம் போட்டு ஹைட்ரஜன் ஏற்றினேன். ஒரு மூலக்கூறுக்கு இரண்டு ஹைட்ரஜன் மூலக்கூறு பிடித்தது. மறுபடி போலாரிமீட்டரில் வைத்தால் முள் பூஜ்யத்தை விட்டு நகரவில்லை. பைனீன் என்றால் ஹைட்ரஜன் ஏறின பிறகும் ஒளியைத் திருப்பும். லிமோனீன் அந்தத் தன்மையை இழந்துவிடும். சந்தேகமே இல்லை.

கடைசியாக, மூல சாம்பிளில் பொட்டாசியம் அயோடைடு விட்டேன். கரும்பழுப்பானது. காற்றுப் பட்டுப் பட்டு உள்ளே பெராக்சைடு ஏறியிருந்தது. தோலைக் கெடுத்தது அதுதான்.

ரிப்போர்ட்டைப் படித்த மேனேஜர் பேனாவை எடுத்து ‘லிமோனீன்’, ‘பெராக்சைடு’ இரண்டையும் அடித்துவிட்டு, ‘நிறமற்ற ஹைட்ரோகார்பன் திரவம்’ என்று எழுதினார்.

“இதுவும் உண்மைதானே மேடம்?”

“எட்டுப் பொம்பளைங்க கை வெந்து கெடக்கு சார். அதுவும் உண்மைதான்.”

காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய் பிலோமினாவைப் பார்த்த டாக்டர் கையில் கொடுத்தேன். அவர் கோடவுனுக்குப் போன் போட்டார். அதற்குப் பிறகுதான் துடைக்கிற வேலை நின்றது. ட்ரம்களுக்குப் புது லேபிள் ஒட்டினார்கள். யாருக்கும் தண்டனை இல்லை. எனக்கு மட்டும் மெமோ வந்தது.

3. பிலோமினா கேட்டது

சில மாதம் கழித்து மில்லர்புரத்தில் அவள் வீட்டுக்குப் போனேன். புண் ஆறியிருந்தது. ஆனால் எலுமிச்சை வாசனை போட்ட சோப்பைத் தொட்டாலே கை தடிக்கிறது என்றாள். இனி ஆயுசுக்கும் அப்படித்தான் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

“எம்மா, அது பாரஃபின் இல்லன்னு ஒங்களுக்கு எப்பத் தெரியும்?”

“நீ வந்தியே, அன்னிக்கே.”

“பொறவும் ரெண்டு நாளு தொடச்சாளுவளே, மத்தவளுவ?”

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மேனேஜர் மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு. என் மேல் அதைவிட அதிகம். பெயரைக் கண்டுபிடிக்கும் மும்முரத்தில், வேலையை நிறுத்தச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. லேபுக்குப் புதிதாக வருகிறவர்களே, பேப்பர் பொய் என்று தெரிந்த உடனே போனை எடுங்கள். அது என்ன பொருள் என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.