கொட்டாஞ்சேனைக்கு ஒரு சோல்டரிங் அயன் வாங்கப் போன கதை

சனிக்கிழமை காலை 11.10. வெள்ளவத்தைச் சந்தைக்கு முன்னால் 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினேன். புறக்கோட்டைக்கு எண்பது ரூபா. பிற்பகல் மூன்று மணிக்கு நான் பாமன்கடையில் நிற்க வேண்டும். அங்கே ஆரம்ப எலக்ட்ரோனிக்ஸ் வகுப்பில் பதினொரு வயது மகளும் நானும் ஒரு சோடி. சோடிக்கு ஒரு கிட் வேண்டும். வகுப்பிலேயே விற்றார்கள். "அந்தப் பெட்டிக்கும் சேர்த்தெல்லோ காசு எடுக்கினம், நானே பொறுக்கி வாங்கிறன்" என்று மறுத்த மேதை நான்தான். அதனால் முதல் வகுப்பில் மற்றவர்கள் பல்ப் எரிக்க, நாங்கள் கடைசி வாங்கில் உட்கார்ந்து பார்த்தோம்.

புறப்படும்போது மகள் கேட்டாள்: "இண்டைக்கும் பாக்கத்தான் போறமோ அப்பா?"

12.20. ஒன்பது கிலோமீற்றருக்கு எழுபது நிமிடம். புறக்கோட்டையில் இரண்டு கடைகளில் ரெசிஸ்டர் கேட்டேன். நூறாக எடுத்தால் தருவார்களாம். மூன்றாவது கடைக்காரர் கொட்டாஞ்சேனையில் சில்லறையாகக் கொடுக்கும் கடை ஒன்றைச் சொன்னார். ஓட்டோக்காரர் ஐந்நூறு கேட்டார். எனக்குத் தெரிந்த சிங்களம் முழுவதையும் செலவழித்து முந்நூற்றைம்பதுக்கு இறக்கினேன். அந்த வெற்றி தலைக்கேறிவிட்டது.

1.05. கடைக்குள் நுழைந்த வேகத்தில் கடைக்காரரிடமும் சிங்களத்திலேயே தொடங்கினேன். அவரும் சிங்களத்திலேயே பதில் சொன்னார். ஒவ்வொரு சாமானையும் எடுத்து வைத்து ஏதோ கேட்டார். விளங்கவில்லை என்று சொன்னால் மரியாதை போய்விடுமே. எல்லாவற்றுக்கும் "ஓவ், ஓவ்" என்று தலையாட்டினேன். ஆமாம் என்பதைப் போல உதவியான சொல் எந்தப் பாஷையிலும் கிடையாது. மேசையில் சாமான் குவிந்தது. சோல்டரிங் அயன் மட்டும் என் முழங்கை நீளம்.

அப்போது அவருடைய போன் அடித்தது. எடுத்துப் பேசினார்.

"இஞ்சரும், சோத்தை மூடி வையும். இஞ்ச ஒரு சிங்கள எஞ்சினியர் மாத்தையா வந்து நிக்கிறார். பெரிய வேலை போல. அனுப்பிப்போட்டு வாறன்."

நான் திரும்பிப் பார்த்தேன். கடையில் வேறு யாரும் இல்லை.

"அண்ணை," என்றேன், "எஞ்சினியர் வெள்ளவத்தை."

அவர் போனை வைத்தார். "அட, தமிழோ? உங்கட சிங்களத்தில பாதி எனக்கு விளங்கேல்லை."

"உங்கட மறுபாதி எனக்கும் விளங்கேல்லை."

"பிறகேன் எல்லாத்துக்கும் ஓவ் எண்டனீங்கள்? கூரைத் தகரப் பீலிக்கு ஈயம் பத்தவைக்கவோ எண்டு கேட்டன், ஓவ் எண்டனீங்கள். அதுதானே நூறு வோட் எடுத்தனான். உண்மையில என்ன வேலை?"

சிங்களத்தில் எஞ்சினியராக இருந்தவன் தமிழில் பாலர் வகுப்புக்கு இறங்க வேண்டியதாயிற்று. மகள், வகுப்பு, மூன்று மணி என எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே குவியலைத் திருப்பி அடுக்கினார்.

"இந்த நூறு வோட்டை வைச்சா பிள்ளையின்ர போர்ட் அப்பளம். இருபத்தைஞ்சு காணும். அயனைச் சாத்தி வைக்க ஸ்டாண்ட் எடுத்தனீங்களோ?"

"இல்லை."

"மேசையும் அப்பளம்."

1.50. பையில் இருந்தவை: இருபத்தைந்து வோட் அயன், ஸ்டாண்ட், ஈயம் ஒரு சுருள், சின்ன வயர் கட்டர், மல்டிமீற்றர், பிரெட்போர்ட், எண்ணிப் பத்து ரெசிஸ்டர், ஐந்து எல்.ஈ.டி., ஒன்பது வோல்ட் பற்றறி. மொத்தம் ஐயாயிரத்து நானூறு. வகுப்புக் கிட் ஐயாயிரம். வீட்டில் இதைச் சொல்லவில்லை. நீங்களும் சொல்ல வேண்டாம்.

"இன்னொருக்கா வந்தா தமிழிலயே வாங்கோ," என்றார் அவர். "என்ர சோறு ஆறுது."

3.04. பாமன்கடை. மகள் வாசலில் நின்றாள். பையைப் பிடுங்கிக்கொண்டு முன்வாங்கில் போய் இருந்தாள். அயன் சூடேறியது. நான் கையை நீட்டினேன். அவள் ஈயச் சுருளை என் கையில் வைத்துவிட்டு அயனைத் தான் எடுத்துக்கொண்டாள்.

"நான் செய்யிறன். நீங்கள் பாத்துக்கொண்டிருங்கோ அப்பா."

பார்த்தேன். மூன்றாவது முயற்சியில் எல்.ஈ.டி. சிவப்பாக எரிந்தது. அவ்வளவு தூரம் போய்வந்தவனுக்கு அந்த முன்வாங்கிலிருந்து நன்றாகவே தெரிந்தது.