சின்னப்பன் சொன்ன மீன்

இண்டூரில் சைக்கிள் கடை வைத்திருந்த சின்னப்பனை நல்லவர் என்று சொல்லாத ஆள் கிடையாது. உண்மை பேசுகிறவர் என்று சொன்ன ஆளும் கிடையாது. வாடகை சைக்கிளைக் கொண்டுபோய்க் கிணற்று மேட்டில் மோதி வளைத்துக்கொண்டு வந்தவனிடம், "சைக்கிள நிமித்திக்கலாம், காலு நல்லாயிருக்குதா?" என்று கேட்ட மனிதர் அவர். பக்கத்துத் தெருவில் ஒரு பெண்ணுக்கு இடுப்புவலி கண்டபோது கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, தருமபுரி போகிற லாரியை நடு ரோட்டில் கைநீட்டி மறித்தவரும் அவர்தான். இப்படிப்பட்டவர் மீன் பேச்சை எடுத்தால் மட்டும் வேறு ஆளாகிவிடுவார். கை பஞ்சர் ஒட்டிக்கொண்டிருக்கும், வாய் காவிரியில் நீந்தும்.

கோடையில் ஆறு சுருங்கியதும் அவருக்குக் கடையில் இருப்புக் கொள்ளாது. ஒகேனக்கல் பஸ் ஓட்டும் ராஜப்பனும், அங்கே பரிசல் போடும் காளியப்பனும் அவருடைய கூட்டாளிகள். மூவரும் ஒரு பரிசலில் ஏறி, இரண்டு பாறைகளுக்கு நடுவே தண்ணீர் கறுத்துக் கிடக்கும் ஆனைமடுவுக்குப் போவார்கள். ஆற்று வாளை கோடையில் அங்கேதான் அடைந்து கிடக்கும். போனால் முழ நீளத்தில் இரண்டு மூன்று கெண்டை கொண்டுவருவார்கள். கூடவே, தப்பித்துப் போன பெரிய வாளையின் கதையும் வரும். அந்த வாளை ஆற்றில் வளர்ந்ததோ இல்லையோ, சின்னப்பன் கடையில் வருஷா வருஷம் வளர்ந்தது. ஊர் சிரித்தது, அவரும் சேர்ந்து சிரித்தார்.

சிரிக்க முடியாத நாள் அறுபத்தெட்டாம் வருஷம் வந்தது. மகள் புஷ்பமேரியைப் பெண் பார்க்க அரூர்ப் பக்கத்திலிருந்து, கோயிலில் பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் சவரிராயன் வந்தார். அவர் மகன் மதலைமுத்துவுக்குத் தாலுக்கா ஆபீசில் வேலை. தேர்த் திருவிழாவில் பையனும் பெண்ணும் ஒருவரை ஒருவர் பார்த்திருந்தார்கள், பிடித்துமிருந்தது. உபதேசியாரைப் பற்றித்தான் எல்லோருக்கும் பயம். ஆயுசில் பொய் பேசாதவர். "சாமி, உங்க பிரசங்கம் நீளம். பாதிப்பேரு தூங்கிட்டாங்க" என்று சாமியாரிடமே சொன்னவர்.

அப்படிப்பட்டவர் வந்து உட்கார்ந்திருக்கும்போது யாராவது மீன் பேச்சை எடுப்பார்களா? சின்னப்பன் எடுத்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

"இந்தக் கதவு இருக்குது பாருங்க, இதே ஒசரம் ஒரு வாளைங்க. பரிசல் ஓரம் வரைக்கும் வந்து, துள்ளிப் போயிடுச்சு."

"யாரு பாத்தது?" என்றார் உபதேசியார்.

"காளியப்பன் பாத்தான். ராஜப்பன் பாத்தான்."

"ரெண்டுபேரும் உங்க கூட்டாளிங்க." உபதேசியார் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "மீனுக்கே இவ்ளோ பொய் சொல்றவரு, நாளைக்கி எதுக்குத்தான் நெசம் சொல்வீங்க? நான் யோசிக்கணும்."

அவர்கள் போன பிறகு லூர்துமேரி புருஷனைத் திட்டித் தீர்த்தாள். அது சின்னப்பனுக்குப் பழக்கம். புஷ்பமேரி திட்டவில்லை. "எனக்கு அந்த வூடு புடிச்சிருந்துச்சுப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்று ராத்திரிச் சோறு அவருக்கு இறங்கவில்லை.

மறுநாள் காலையிலேயே பஸ் ஏறி அரூருக்குப் போய் உபதேசியார் முன்னால் நின்றார்.

"நான் வாய் நீளக்காரன்தாங்க. ஆனா அந்த மீனு நெசம். என்கூட வந்து கண்ணால பாருங்க. மீனு காட்டலைன்னா சம்பந்தப் பேச்சே எடுக்க மாட்டேன்."

உபதேசியார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "பாத்தா ஒத்துக்குவேன். பாக்கலைன்னா ஒத்துக்க மாட்டேன். வர்றேன்."

ஈஸ்டர் முடிந்து இரண்டாம் வாரம். ராஜப்பன் லீவு போட்டார். இண்டூர் வீட்டில் உபதேசியாரின் மனைவி மிக்கேலம்மாளும் சொந்தக்காரர்கள் சிலரும் வந்து காத்திருக்க, லூர்துமேரி எதற்கும் இருக்கட்டும் என்று மீன் குழம்புக்கு மசாலா அரைத்து வைத்தாள்.

மூங்கில் பின்னி எருமைத்தோல் போர்த்திய பரிசல் அது. ஏறும்போதே காளியப்பன் சொன்னான்: "பெரியவரே, இது கூடை மாதிரிங்க. எது வந்தாலும் குந்திக்கிட்டே இருக்கணும். எந்திரிச்சா கவுத்துடும்." உபதேசியார் சரி என்று தலையாட்டினார். வெள்ளை ஜிப்பாவும் தோளில் துண்டுமாகக் கோயிலில் உட்காருவதுபோல் நடுவில் குந்தினார். அவருக்கு நீச்சல் தெரியாது என்பதை அவரும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை.

ஆனைமடுவில் உயிர்க் கெண்டையைத் தூண்டிலில் கோத்து நைலான் நரம்பை இறக்கினார் சின்னப்பன். வெயில் ஏறியது. நரம்பு அசையவில்லை. உபதேசியார் நரம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். புஷ்பமேரியின் முகம் சின்னப்பனின் கண்ணுக்குள்ளேயே நின்றது. மாதாவே, இந்த ஒரு தடவை, என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டே இருந்தார்.

உச்சி நெருங்கும் வேளையில் நரம்பு ஒரு வெட்டு வெட்டியது. அடுத்த நொடி பரிசல் நகரத் தொடங்கியது.

"மாட்டிக்கிச்சுடா!" என்று கத்தினார் ராஜப்பன்.

காளியப்பன் துடுப்பைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். பரிசலில் பெரிய மீன் பிடிக்கிற வகை அதுதான். பரிசலுக்கு முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது. மீன் இழுக்கும் பக்கம் எல்லாம் போகவிட வேண்டும். எதிர்த்தால் நரம்பு அறும், கூடவே போனால் மீன் களைக்கும். மடுவை ஒரு சுற்று, இரண்டு சுற்று, பாறையை உரசிக்கொண்டு இன்னொரு சுற்று. சின்னப்பன் வாயே திறக்காமல் நரம்பை விடுவதும் வாங்குவதுமாக இருந்தார். இவரா அந்த வாயாடி என்று உபதேசியாருக்கே ஆச்சரியமாக இருந்தது. கடைசியில் நரம்பு வழுக்காமல் இருக்க அதை உள்ளங்கையில் சுற்றிக்கொண்டு ஒரு இழு இழுத்தார்.

வாளை மேலே வந்தது. அகன்ற வாய், வெள்ளி வயிறு, அதற்குப் பின்னால் முடிவில்லாமல் நீண்ட உடம்பு. உபதேசியார் பார்த்தார். வாய் பிளந்து பார்த்தார்.

"கர்த்தரே!" என்றார்.

சின்னப்பனின் நெஞ்சு குளிர்ந்தது. மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்றே அவர் நினைத்தார்.

அப்போதுதான் உபதேசியார் சூரியனைப் பார்த்தார். நடு உச்சி. காய்ச்சலில் கிடந்தாலும் மத்தியான திரிகால செபத்தைத் தவறவிடாதவர் அவர். மற்ற நாளாயிருந்தால் முழங்காலில் சொல்லியிருப்பார், ஒரு கேடும் வந்திருக்காது. ஆனால் அது பாஸ்கா காலம். ஆண்டவர் உயிர்த்த காலத்தில் அந்தச் செபத்தை நின்றுகொண்டுதான் சொல்ல வேண்டும். முப்பது வருஷமாகப் பிள்ளைகளுக்கு அவரே சொல்லிக்கொடுத்த சட்டம். போதாததற்கு, கண்முன்னே ஓர் அற்புதம் வேறு. நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார்.

"குந்துங்க! குந்துங்க!" என்று காளியப்பன் அலறினான். பரிசல் சாய்ந்தது. ராஜப்பன் மறுபக்க விளிம்பில் பாய்ந்து விழுந்ததால் கவிழாமல் தப்பியது. உபதேசியார் மல்லாக்கத் தண்ணீருக்குள் போனார். துண்டு மட்டும் மிதந்தது.

மீன் ஒருபக்கம் இழுக்க, பரிசல் அவரைவிட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தது. சின்னப்பன் யோசிக்கவில்லை. இடுப்பில் இருந்த டியூப் வெட்டும் கத்தியை எடுத்து நரம்பை ஒரே அறுப்பாக அறுத்தார், குதித்தார். வருஷக்கணக்காகக் கனவு கண்ட மீன், மகளின் வாழ்க்கை தொங்கிக்கொண்டிருந்த மீன், அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெறும் வாய்ச்சவடால் ஆள் என்று ஊர் நினைத்திருந்த மனிதர் செய்த காரியம் இது. முங்கி ஜிப்பாவைப் பிடித்து இழுத்துப் பாறையில் கொண்டுபோய்ச் சேர்த்தார். நரம்பு அறுத்த உள்ளங்கையில் ரத்தம் வழிந்தது. அந்தத் தழும்பைப் பற்றிப் பிற்காலத்தில் யார் கேட்டாலும், "சைக்கிள் செயின் கடிச்சிடுச்சு" என்பார்.

தண்ணீரைக் கக்கி முடித்ததும் உபதேசியார் கேட்ட முதல் வார்த்தை, "மீனு?"

"போயிடுச்சுங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு எழுந்து நின்று, பாதியில் விட்ட செபத்தைச் சொல்லி முடித்தார். பாறையில் நிற்பதற்கு யாரும் தடை சொல்லவில்லை. பொழுது சாய இண்டூருக்குப் பஸ் ஏறினார்கள்.

வீட்டு வாசலில் கூட்டம். வெறுங்கையோடு வருகிறவர்களையும், காளியப்பனின் கட்டம்போட்ட லுங்கியில் வரும் உபதேசியாரையும் எல்லோரும் மாறி மாறிப் பார்த்தார்கள். மிக்கேலம்மாளின் தம்பி கிண்டலாகக் கேட்டார்:

"என்னங்க சின்னப்பன், இந்தத் தடவயும் துள்ளிப் போயிடுச்சா? எங்க மாமா ஏன் லுங்கியில வர்றாரு?"

ராஜப்பன் நடந்ததைச் சொல்ல வாயெடுத்தார். சின்னப்பன் அவர் காலை மிதித்தார். உபதேசியாரின் கை, லுங்கி முடிச்சை இறுக்கிப் பிடித்திருந்ததை அவர் பார்த்துவிட்டார். சொந்தபந்தத்தின் முன்னால் ஒரு பெரிய மனிதர் தலைகுனிந்து நிற்பதை அவரால் தாங்க முடியவில்லை. சொன்னால் ஆயுசுக்கும் கடையில் வைத்துப் பேச ஒரு கதை. மகளுக்கு மாப்பிள்ளை. எல்லாம் நாக்கு நுனியில்தான் இருந்தது.

"நரம்பு இத்துப்போன நரம்புங்க" என்றார். "நான்தான் இழுக்கத் தெரியாம இழுத்து அறுத்துட்டேன். அந்த ஆட்டத்துல தண்ணி தெறிச்சு அவரு வேட்டி நனைஞ்சிடுச்சு. மீனும் ஒண்ணும் பெருசில்லீங்க. நான் சொன்னதெல்லாம் சும்மா."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. லூர்துமேரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கதவுக்குப் பின்னால் புஷ்பமேரி தரையைப் பார்த்து நின்றாள்.

உபதேசியார் நிமிர்ந்தார்.

"இவரு இப்ப சொன்னதுல ஒரு வார்த்தைகூட நெசமில்ல" என்றார். சிரிப்பு அடங்கிப்போயிற்று. "அன்னைக்குப் பொய்யருன்னு சொன்னேன். இன்னைக்கும் அதான் சொல்றேன். எந்திரிக்காதீங்கன்னு படிச்சுப் படிச்சு சொன்னாங்க, நான் எந்திரிச்சேன், வுழுந்தேன். கையில இருந்த மீன அறுத்து வுட்டுட்டு இவரு என்னை எடுத்தாரு. என் மானத்தக் காப்பாத்த இப்ப இவரு வாயாலயே தன்னைக் கெடுத்துக்கிறாரு." சின்னப்பனின் தோளில் கைவைத்துக்கொண்டு தொடர்ந்தார். "நெசத்தச் சொல்ல எவனும் சொல்லிடலாம். இந்தப் பொய்யச் சொல்ல எனக்கு வராது. இந்த மனுசன் வூட்டுப் பொண்ணுதான் என் வூட்டுக்கு வேணும். வர்ற ஞாயித்துக்கிழமையே கோயில்ல மொத கல்யாண ஓலை வாசிக்கச் சொல்லுங்க."

மிக்கேலம்மாளின் தம்பிதான் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அப்ப மீனு நெசமாவே பெருசுதானா மாமா?"

"என் ஒசரம் இருந்துச்சுடா!" என்றார் உபதேசியார்.

சின்னப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இல்லீங்க சம்பந்தி" என்றார். "உங்களவிட ஒரு சாண் கொறச்சல்தான்."