சஹனைப் பூட்டி வைத்தேன்

கல்முனையில் ஒரு காப்புறுதிக் கிளைக்கு நான் மனேஜர். கத்தித்தான் பேசுவேன். அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்பதில்லை.

வந்த முதல் வாரமே ஊழியர்களின் பகல் சாப்பாட்டில் கை வைத்தேன். ஐந்து ஆண்கள் கோப்பு அறையில் பாய் விரித்து, சஹன் என்ற பெரிய தட்டில் எல்லார் வீட்டுச் சோற்றையும் கறியையும் கொட்டி, சுற்றியிருந்து சாப்பிடுவார்கள். கடைசி ஆள் முடிக்கும்வரை ஒருவரும் எழும்பமாட்டார்கள். கடைசி ஆள் எப்போதும் கதைகாரன். சிரிப்பு ரோட்டுக்குக் கேட்கும். சஹனை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். ஆளுக்கொரு மேசை, ஆளுக்கொரு பார்சல்.

ஆறு மாதத்தில் இரண்டு பேர் விலகினார்கள். அலுவலகத்தை மகிழ்ச்சியாக வைத்திருக்கும்படி கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. கெரம் போட் வாங்கினேன். வியாழன் மூன்று மணிக்கு எல்லாரும் விளையாட வேண்டும், வராதவர் காரணம் எழுதித் தரவேண்டும் என்று சுற்றறிக்கை விட்டேன். பக்கத்தில் நின்று பார்த்தேன். சாவு விழுந்த மையித்து வீட்டில்கூட அதைவிடக் கலகலப்பு இருக்கும்.

பிறகு அந்தக் கதைகாரன், மாவடிப்பள்ளிக்காரர், ராஜினாமாக் கடிதம் தந்தார். வெள்ளத்தில் அழிந்த வயலை வரம்பில் நின்றே மதிப்பிடுகிறவர். விவசாயிகள் நம்புவது அவரை மட்டும்தான். அவர் போனால் கிளையை மூட வேண்டியதுதான்.

"சம்பளம் காணாதா?"

"காணும் சேர். ஊட்ட போனா பொஞ்சாதி கேக்கிறா, இண்டைக்குக் கந்தோர்ல என்ன புதினம் எண்டு. சொல்ல ஒண்டுமில்ல."

"கெரம் போட் வாங்கித் தந்தேனே!"

"அது உங்கட விளையாட்டு சேர். நாங்க பயத்தில காய் தள்ளுற."

அன்றிரவு முழுக்க எரிச்சல். ஆனாலும் மறுநாள் சஹனை எடுத்துக் கழுவி நானே கோப்பு அறையில் வைத்தேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சேரும் இரிங்க," என்றார் பியோன் காக்கா. வயதில் மூத்தவரை இங்கே காக்கா என்பார்கள்.

முழங்கால் முறியமுறிய உட்கார்ந்தேன். ஐந்து நிமிடத்தில் என் பக்கம் காலி. என் அறையில் தொலைபேசி அடித்தது. எழும்பப் பார்த்தேன்.

"இரிங்க சேர்! ஆக்கள் தின்றாங்க," என்றார் காக்கா.

"கொழும்பிலிருந்து கோலாக இருக்கும்!"

"கொழும்பு பசியில மௌத்தாகாது."

மூன்று தடவை அடித்து ஓய்ந்தது. உட்கார்ந்தே இருந்தேன். மாவடிப்பள்ளிக்காரர் வேண்டுமென்றே மீன் முள்ளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டு கதை சொன்னார். எருமை செத்துப்போச்சு என்று ஒருவர் அழுதழுது விண்ணப்பம் நிரப்பும்போது, அதே எருமை வந்து அவர் முதுகை நக்கியதாம். எனக்குச் சோறு மூக்கில் ஏறியது. பியோன் காக்கா என் உச்சந்தலையில் ஓங்கித் தட்டினார். வேண்டியதைவிடக் கூடவே தட்டினார்.

கை கழுவிவிட்டு மாவடிப்பள்ளிக்காரர் என் அறைக்கு வந்தார்.

"அந்தக் கடிதத்தக் கொஞ்சம் தாங்க சேர். திகதி பிழையா அடிச்சிட்டன்."

கொடுத்தேன். இரண்டு வருடமாகிறது. சரியான திகதி இன்னும் கிடைக்கவில்லையாக்கும். நானும் கேட்கவில்லை.