தானாக எரியும் விளக்குகள்

சரவணம்பட்டியில் நாங்கள் குடியிருந்த அடுக்ககத்தின் காவலாளிக்கு நாற்பது வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, தோளில் தொங்கும் சீருடை. நான் காரைப் பூட்டிய பிறகும் முன்விளக்குகள் அரை நிமிடம் எரியும். அவை அணையும்வரை அவர் நகரமாட்டார். பிறகு கண்ணாடியில் நெற்றியை ஒட்டிப் பின்னிருக்கையை உற்றுப் பார்ப்பார்.

எனக்கு அது பயமாக இருந்தது. ஒரு மாலை நேராகவே கேட்டேன்.

"என்னங்க பாக்கறீங்க? அது தானா அணைஞ்சுக்கும். பேட்டரியும் தீராது. நான் கார் லைட் செய்யற கம்பெனியிலதான் இருக்கறேன்."

"தெரியுமுங்க அம்மணி. தானா எரியும், தானா அணையும்னு எல்லாரும் சொல்லித்தானுங்க அன்னைக்கு உட்டுப்போட்டேன்."

முன்பு அன்னூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் வண்டிகளை நிறுத்திவைக்கும் வேலை பார்த்தாராம். உச்சி வெயிலில், பூட்டிய காரொன்றின் நான்கு மூலை விளக்குகளும் விட்டுவிட்டு எரிந்திருக்கின்றன. புதுக்கார், அப்படித்தான் இருக்கும் என்று இரண்டு முறை அதைக் கடந்து போயிருக்கிறார்.

"உள்ள ஒரு பொட்டப்புள்ளைங்க, நாலு வயசு. அதுதான் உள்ளிருந்து லைட்டு பட்டனை அமுத்தி உட்டிருக்குது."

"ஐயோ, குழந்தைக்கு?"

"பொழைச்சுக்கிச்சுங்க. கண்ணாடிய ஒடைச்சுத் தூக்குனப்ப ஒடம்பு கொதிச்சுது." பிறகு கேட்டார். "ஏனுங்க, உள்ள ஆள் இருந்தா மட்டும் எரியறாப்புல வேற லைட்டு ஒண்ணு உங்க கம்பெனியில செய்ய மாட்டாங்களா?"

அது ஏன் கடினம் என்பதற்கு என்னிடம் மூன்று தொழில்நுட்ப விளக்கங்கள் இருந்தன. காரை மறுபடி திறந்து, பின்னிருக்கையை அவருக்குக் காட்டினேன்.

சில மாதங்களில் அவர் வேலையை விட்டுப் போய்விட்டார். எனக்குக் குழந்தை இல்லை. ஆனாலும் காரைப் பூட்டுமுன் பின்கதவைத் திறந்து, இருக்கை முழுவதும் கையால் தடவிப் பார்க்கிறேன்.